மந்தத்துக்கு மூன்று வேளை

நாட்டில் கடும் மந்தம் நிலவுகிறது என்று வானொலி சொன்ன அன்று, கம்பவுண்டரின் மனைவி அடுப்படியிலிருந்தே அதற்குப் பதில் சொன்னாள்: "நாட்டுக்கு இப்பத்தான் வந்திருக்காக்கும். என் தம்பிக்கு ஆறு மாசமா இருக்கு."

அவள் சொன்னது வயிற்று மந்தத்தை. தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்கு வருவான். எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக, நாற்காலியின் நுனியில் உட்காருவான். அக்கா தட்டை வைத்தால் இரண்டு கையாலும் தடுத்து, "வேணாம்க்கா, வயிறு மந்தமா இருக்கு. காலையில சாப்பிட்டதே இன்னும் செரிக்கல" என்பான். சொல்லிவிட்டு ஒரு ஏப்பமும் விடுவான். காலி வயிற்றிலிருந்து ஏப்பம் வரவழைப்பது லேசான காரியம் இல்லை. அதற்காக அவன் வீட்டில் தனியாகப் பழகியிருக்க வேண்டும் என்பது கம்பவுண்டரின் எண்ணம்.

பாட்டில் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நாற்பது பேரை வேலை வாங்கியவன் அவன். ஊர் முழுக்க அவனுக்கு மேஸ்திரி என்றுதான் பெயர். உலை அணைந்து ஆறு மாதமான பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவனும் அதே மிடுக்கோடுதான் திரும்பிப் பார்த்தான். மனைவியையும் குழந்தையையும் 'கொஞ்ச நாளைக்கு' என்று மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தான். மணிக்கட்டில் இறுக்கமாக இருந்த கைக்கடிகாரம் இப்போதெல்லாம் கையைத் தூக்கினால் முழங்கைக்கு இறங்கிவிடுகிறது என்பதால் கையைத் தூக்குவதையே விட்டிருந்தான்.

அவன் போன பிறகு அக்கா தொடாத தட்டைப் பார்த்துப் பார்த்து அழுவாள். "எப்படியாவது அவனை ஒரு வேளை சாப்பிட வைங்க. நீங்க மருந்துக்காரர்தானே."

"சாப்பிட வைக்க மருந்து இருந்தா முதல்ல உனக்குத்தான் குடுத்திருப்பேன். நீயும்தான் சாப்பிடாம உட்கார்ந்திருக்க" என்று கம்பவுண்டர் சிடுசிடுப்பார். அவருக்கும் மனசு கேட்காது. மைத்துனனைக் கையைப் பிடித்து உட்கார வைத்து ஊட்டிவிட வேண்டும் போல இருக்கும். ஆனால் ஒருதரம் "பசிக்கலையா மாப்ள?" என்று வாய்தவறிக் கேட்டதற்கே அவன் மூன்று வாரம் வீட்டுப்பக்கம் வரவில்லை.

உலை ஏன் அணைந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கம்பவுண்டருக்குத் தெரிந்த வரையில் நடந்தது இதுதான். தலைநகரத்தில் ஒரு பெரிய வங்கி, ஊரார் போட்ட பணத்தையெல்லாம் யாரும் குடிவராத மாளிகைகளின் மேல் கொட்டிவிட்டு, ஒரு திங்கட்கிழமை கதவில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை மாட்டியது. அதைப் பார்த்தவர்கள் அடுத்த வங்கிக்கு ஓடினார்கள். அவர்கள் ஓடிவருவதைப் பார்த்து அந்த வங்கியும் பலகை மாட்டியது. கடைக்காரர்களுக்குக் கடன் கிடைக்கவில்லை, அதனால் சரக்கு எடுக்கவில்லை. சரக்கு எடுக்காததால் எண்ணெய்க்காரரும் சர்பத்துக்காரரும் பாட்டில் கேட்கவில்லை. பாட்டில் கேட்க ஆள் இல்லாமல் உலை அணைந்தது. உலை அணைந்ததும் அறுநூறு குடும்பங்கள் கடைத்தெருப் பக்கமே வரவில்லை. கடைசியில் சலூன்காரரும் தையல்காரரும் எதிரெதிர்க் கடையில் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் முடிவெட்ட வந்தால் அந்தக் காசில் ஒரு சட்டை தைத்துக்கொள்ளலாம் என்று சலூன்காரர் காத்திருந்தார். சலூன்காரர் சட்டை தைக்க வந்தால் அந்தக் காசில் முடிவெட்டிக்கொள்ளலாம் என்று தையல்காரர் காத்திருந்தார். இரண்டு பேர் கையிலும் கத்தரிக்கோல் இருந்தது. தெருவைத் தாண்டத்தான் ஆள் இல்லை.

வானொலியில் நிபுணர்கள் விடாமல் பேசினார்கள். மக்கள் தாராளமாகச் செலவு செய்ய வேண்டும் என்றார்கள் ஒரு நாள். மறுநாள், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேமிக்க வேண்டும் என்றார்கள். அரசாங்கத்துக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. கம்பவுண்டர் வேலை பார்த்த அரசு மருந்தகத்தில் டாக்டர் பதவியை நிறுத்தி வைத்தார்கள். அதன்பின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதும், மருந்து கலக்குவதும், தரையைப் பெருக்குவதும் கம்பவுண்டரின் தலையில் விழுந்தது. மாவட்ட அலுவலகத்தில் தொழில் துறைக்கு ஒரு குமாஸ்தா, சுகாதாரத்துக்கு ஒரு குமாஸ்தா என்று இருந்தார்கள். நாட்டில் தொழிலே இல்லாதபோது தொழில் குமாஸ்தா எதற்கு என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தலைநகரத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'தொழில் முடக்கத்தாலும் வேலையிழப்பாலும் நாடெங்கும் கடும் மந்தம் பரவியுள்ளது. பாதிக்கப்பட்டோரைக் கணக்கெடுத்து உடனடி நிவாரணம் அளிக்கவும்.' மிஞ்சியிருந்த சுகாதாரக் குமாஸ்தா இருபத்திரண்டு வருடமாக வாந்தி, பேதி, மந்தம், மலச்சிக்கல் என்று கோப்பு பிரித்தவர். இதைப் பார்த்ததும் 'மந்தம் - மருந்தகம் - அவசரம்' என்று ஓரத்தில் எழுதிக் கம்பவுண்டருக்குத் தள்ளிவிட்டார்.

கம்பவுண்டர் பஸ் பிடித்து நேரிலேயே போய் நின்றார். "சார், இது வேற மந்தம் மாதிரி தெரியுது. தொழில் முடக்கம்னு போட்டிருக்கு."

குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். "நல்லா படிங்க. தொழில் முடங்கிப்போச்சு. வேலை போச்சு. வேலை போனவன் என்ன பண்ணுவான்? வீட்டுல சும்மா உட்காருவான். சும்மா உட்கார்ந்திருந்தா சாப்பிட்டது செரிக்குமா? செரிக்காது. அதான் மந்தம். எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க, பாருங்க."

"அது சரி சார், ஆனா…"

"ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம். இது உங்களுக்கு இல்லேன்னா அந்த மேஜைக்குப் போகணும்." குமாஸ்தா எதிரே இருந்த காலி மேஜையைக் காட்டினார். அதன் மேல் அவருடைய குடை காய்ந்துகொண்டிருந்தது. "அங்க போட்டா யாரு பார்ப்பா? உங்க ஊருக்கு ஒண்ணும் வராது. பரவாயில்லையா?"

கம்பவுண்டர் கணக்கெடுக்கும் படிவங்களை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

படிவத்தில் இரண்டே கேள்விகள். தங்களுக்கு மந்தம் உண்டா, எத்தனை நாளாக. அதை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியபோதுதான் ஊரில் அந்தப் பொய்யைச் சொல்வது தன் மைத்துனன் ஒருவன் மட்டும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. தையல்காரர் சலூன்காரரிடம் மந்தம் என்று சொல்லியிருந்தார். சலூன்காரர் தன் மாமனாரிடம் சொல்லியிருந்தார். வேலை போன பஸ் கண்டக்டர் வீட்டில் அப்பா பிள்ளைகளிடமும் பிள்ளைகள் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு எதையாவது கேட்டிருந்தால் கம்பவுண்டர் முகத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள். மந்தமா என்று கேட்டதும் "ஆமாங்க, ரொம்ப நாளா" என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மைத்துனன் தன் பெயருக்கு எதிரே 'ஆறு மாதம்' என்று அவனே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

பத்தே நாளில் லாரி நிறைய மருந்து வந்து இறங்கியது. கறுப்பு நிறம், நாக்கில் வைத்தால் காது வரை கசக்கும். மேஸ்திரி பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அடியிலிருந்த முத்திரையைப் பார்த்தான். "நம்ம உலையில வார்த்தது மாமா. மூணாம் ஷிப்டு" என்றான். அன்று அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் மருந்தே குடிக்காமல் குணமாகிவிடுவான் போலத் தோன்றியது.

ஆனால் குடித்தான். எல்லாரும் குடித்தார்கள். ஒரே வாரத்தில் ஊர் கிறுகிறுத்துப்போனது. கண்டக்டர் பாட்டிலைக் கொண்டுவந்து மருந்தக மேஜையில் வைத்தார்.

"கம்பவுண்டரே, மந்தம் போயிடுச்சு. அது போன இடத்துல வேற ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு. இதுக்கு அதுவே தேவல."

"வேற ஒண்ணுன்னா?"

"அதை எப்படி வாயால சொல்றது" என்று கண்டக்டர் தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் கம்பவுண்டருக்கு உறைத்தது. செரிக்க ஒன்றும் இல்லாத நானூறு வயிறுகளுக்குப் பசியைக் கிளறும் செரிமான மருந்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மைத்துனன் இரண்டு கரண்டி மூன்று வேளை, நேரம் தப்பாமல் குடிக்கிறான் என்று மனைவி சொன்னபோது அவர் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். மருந்தைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினார். அடுக்கும்போது லேபிளில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'சாப்பாட்டுக்குப் பின்.'

மூன்று தரம் படித்தார். பிறகு பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்து மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்பப்பட்ட மருந்து சாப்பாட்டுக்குப் பின் உட்கொள்ள வேண்டியது. சாப்பாடு அனுப்பப்படவில்லை. லேபிளுக்கு மாறாக மருந்து கொடுத்து ஏதாவது ஆனால் பொறுப்பு மருந்தை அனுப்பிய அலுவலகத்தையே சேரும். எனவே மருந்துக்கு முன்னால் கொடுக்க வேண்டியதை உடனே அனுப்பவும்.

பொறுப்பு என்ற சொல் குமாஸ்தாவை நன்றாகவே ஆட்டிவைத்தது. மறுவாரமே மூட்டைகள் வந்தன, அரிசியும் பருப்பும். ரசீதில் 'மருந்தின் முன்பொருள்' என்று போட்டிருந்தது. மூன்று வேளைக்குக் கேட்டதற்கு, சிக்கனம் கருதி மதியம் ஒரு வேளைக்குத்தான் அனுமதி. மற்ற இரண்டு வேளை மருந்தையும் சேர்த்து மதியமே ஆறு கரண்டியாகப் புகட்டிவிடும்படி உத்தரவு.

மருந்தகத்தின் பின்கட்டில் கம்பவுண்டரின் மனைவி இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு சமைத்தாள். வராந்தாவில் வரிசையாகப் பாய் விரித்தார்கள். முதல் நாள் எல்லாரும் முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, நோயாளிகளாக வந்தார்கள். சாப்பிட வந்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லிவிட முடியாது. "என்னத்தச் சாப்பிடுறது, மருந்துக்காக ரெண்டு வாய்" என்று அலுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். மேஸ்திரி எல்லாருக்கும் கடைசியில் வந்தான்.

"மருந்துக்காகத்தான்க்கா" என்றான்.

"தெரியும்டா. உட்காரு."

அவள் பரிமாறிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கம்பவுண்டர் ஜன்னல் வழியாக மைத்துனன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் மெல்வதையும் விழுங்குவதையும் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன் கல்யாணத்தன்று கூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று தோன்றியது. இந்தச் சாப்பாடு மட்டும் நிற்காமல் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று நினைத்தார்.

இரண்டு மாதம் நிற்காமல் நடந்தது. அதற்குள் இந்த ஊரில் மந்தத்துக்கு நல்ல வைத்தியம் நடக்கிறது என்று பெயர் பரவி, தலைநகரத்திலிருந்து மந்த ஒழிப்புத் தனி அலுவலர் ஒருவர் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. கடிதத்தின் பின்பக்கத்தில் சோதிக்கும் முறை இருந்தது. அலுவலர் நோயாளிகளில் ஒருவரை மாதிரிக்கு எடுத்துக்கொள்வார். அவர் முன்னால் தட்டு வைக்கப்படும். அவர் பாதியாவது மிச்சம் வைத்தால் மந்தம் நீடிக்கிறது, மருந்து தொடரும். தட்டைக் காலி செய்தால் மந்தம் தீர்ந்தது, ஊருக்கே தீர்ந்ததாகக் கொண்டு திட்டம் முடித்துவைக்கப்படும்.

கம்பவுண்டர் இதை வராந்தாவில் உரக்கப் படித்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒரு தட்டிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை. சிலர் கழுவத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"பாதிச் சோத்தை வச்சுட்டு எழுந்திரிக்கணுமா?" என்றார் தையல்காரர். "யாரால முடியும் அது?"

"என்னால முடியும்" என்றான் மேஸ்திரி.

அன்றிலிருந்து ஒரு வாரம் அவன்தான் வகுப்பெடுத்தான். உலைக்கு முன்னால் நாற்பது பேரை மிரட்டிய குரல் திரும்பி வந்திருந்தது. "தட்டைப் பார்க்காதீங்க. சுவத்தைப் பாருங்க. மூணாவது வாய்க்கு ஒரு பெருமூச்சு. அஞ்சாவது வாய்க்கு நெஞ்சைத் தடவணும். கண்டக்டரே, சோத்தைத் தள்ளுறப்ப கை பின்னாலேயே போகுது பாருங்க, கையை மடியில வைங்க. ஏப்பம் கடைசியில. அவசரப்பட்டா அது நிறைஞ்ச ஏப்பமா ஆயிடும்." ஒவ்வொரு வரிசைக்கும் அவனே உட்கார்ந்து செய்து காட்டினான். ஐந்து வாய் சாப்பிட்டு, மிச்சத்தைத் தள்ளி, எழுந்து காட்டினான். ஒத்திகை பார்த்த சோறு திரும்பப் பானைக்குப் போனது. மற்றவர்கள் ஒத்திகை முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செய்து காட்டுகிறவன் கெட்டுப்போகக் கூடாது என்று அவன் மட்டும் அந்த வாரம் முழுவதும் ஐந்து வாயோடு நிறுத்திக்கொண்டான். மருந்தை மட்டும் ஆறு கரண்டி குறையாமல் குடித்தான். அதில் அவன் கண்டிப்பானவன்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய தனி அலுவலர் மூன்றரைக்கு வந்தார். வரும் வழியில் இரண்டு பெட்ரோல் பங்க் மூடிக் கிடந்தனவாம். நல்ல மனிதர்தான். குனிந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், வராந்தாவில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இரண்டு தரம் நடந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நடந்து நடந்து மேஸ்திரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவர்" என்றார்.

வராந்தா முழுக்க மூச்சு விட்டது. கண்டக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். சலூன்காரர் தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவர்களே இவனைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆறு மாதமாக அக்கா வைத்த தட்டை வேண்டாம் என்று சொன்னவன். கம்பவுண்டருக்கும் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

மனைவி தட்டை வைத்துப் பரிமாறினாள். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. மேஸ்திரி சுவரைப் பார்த்தபடி முதல் வாயை எடுத்தான், இரண்டாவது எடுத்தான். மூன்றாவது வாய்க்கு முறைப்படி பெருமூச்சு விட்டான். அலுவலர் நோட்டில் குறித்துக்கொண்டார். ஐந்தாவது வாய்க்கு அவன் கை நெஞ்சைத் தடவப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அது திரும்பித் தட்டுக்கு வந்தது.

ஆறாவது வாயைச் சாப்பிட்டான். கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார். ஏழாவது வாய்க்கு மேஸ்திரி சுவரைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தான். அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு தோளும் தட்டுக்கு மேல் வளைய, நாற்பது பேர் பார்ப்பதோ நானூறு பேர் பார்ப்பதோ தெரியாமல் அவன் சாப்பிட்டான். தட்டு காலியானது. விரலால் ஒரு சுற்றுச் சுற்றி அதையும் வாயில் வைத்தான்.

அப்போதுகூடத் தப்பித்திருக்கலாம். அலுவலர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் மனைவியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். தட்டை எடுத்துவிடு, வேறு தட்டை வை, பாதி சோற்றோடு வை என்று கெஞ்சினார். அவளுக்குப் புரிந்தது. தட்டை எடுக்கக் குனிந்தாள்.

மேஸ்திரி தட்டைப் பிடித்துக்கொண்டான். அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

"அக்கா, பசிக்குதுக்கா. இன்னும் கொஞ்சம் போடுக்கா."

கரண்டி அவள் கையில் இருந்தது. நானூற்றுப் பதினோரு பேர் அந்தக் கரண்டியைப் பார்த்தார்கள். கம்பவுண்டர் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தூரம்தான், கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஊருக்காக நிறுத்தியிருக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். அவர் நிறுத்தவில்லை. "போடு" என்றுகூடச் சொன்னார், அவள் அதற்கு முன்பே போட்டுவிட்டிருந்தாள். ஒரு கரண்டி போட்டு, இன்னொன்று போட்டு, கன்னத்தில் வழிந்ததைத் தோளால் துடைத்துக்கொண்டு மூன்றாவதும் போட்டாள்.

தனி அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "என்ன சொன்னார் இவர்? பசிக்குதுன்னா சொன்னார்?" குனிந்து மேஸ்திரியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "என் சர்வீஸ்லயே இப்படி ஒரு குணத்தை நான் பார்த்ததில்லைங்க. பதினாறு ஊர் போயிட்டு வரேன், ஒரு ஆள் வாயிலயும் இந்த வார்த்தை வரல." பதிவேட்டை வாங்கி 'பூரண குணம். மந்தம் ஒழிந்தது. நாளை முதல் நிறுத்தலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இனி நடிக்க ஒன்றும் இல்லை. கண்டக்டர்தான் முதலில் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், அப்புறம் எல்லாரும். பானையில் கரண்டி உரசும் சத்தம் கேட்கும்வரை சாப்பிட்டார்கள். அலுவலர் அதையெல்லாம் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகள் இவ்வளவு வேகமாகத் தேறியதைத் தலைநகரத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்றார்.

கார் வரை வழியனுப்பப் போன கம்பவுண்டர் மெல்லக் கேட்டார்: "சார், ஒருவேளை நோய் திரும்பி வந்தா?"

"வந்தா என்ன, விதியில வழி இருக்கே. தொடர்ந்து மூணு நாள் ஒண்ணும் சாப்பிடாம இருக்கிறவங்களை மந்த நோயாளின்னு புதுசா எழுதலாம். எழுதி அனுப்புங்க, மருந்தும் வரும், மருந்துக்கு முன்னால உள்ளதும் வரும்."

கார் போன பிறகு அவர் இதை வராந்தாவில் வந்து சொன்னார். மேஸ்திரி மூலையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "நான்தான் கெடுத்துட்டேன் மாமா. எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டேன்" என்றான்.

"விடு மேஸ்திரி" என்றார் கண்டக்டர். "அந்த வார்த்தையை யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்."

அக்கா தம்பியின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். "இந்த மூணு நாளும் நீ நம்ம வீட்டுல சாப்பிடுற."

"சாப்பிட்டா வெள்ளிக்கிழமை என் பேரை எழுத மாட்டாங்களேக்கா."

"எழுத வேணாம். அப்புறமும் நம்ம வீட்டுலயே சாப்பிடு."

அவன் அவளையே பார்த்தான். "சரிக்கா" என்றான்.

கம்பவுண்டருக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். அவர் கேட்டது அதுதானே, கிடைத்துவிட்டது. ஆனால் மீதி நானூற்றுப் பதினோரு பேர் தட்டைக் கழுவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அவர்களுக்குச் சம்பளக்காரர் வீட்டில் அக்கா யாரும் இல்லை. தையல்காரர் முன்னால் வந்தார்.

"கம்பவுண்டரே, ஒரு சந்தேகம். மூணு நாளுங்கிறது நாளைக்குக் காலையிலேருந்தா, இல்ல இப்ப சாப்பிட்டு முடிச்சதிலேருந்தா?"

விதியில் அது இல்லை. மாவட்டத்துக்கு எழுதிக் கேட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும். கம்பவுண்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். அதை நாலு என்று குறித்துக்கொண்டார்.

"இப்பலேருந்தே வச்சுக்குவோம்" என்றார்.

எல்லாருக்கும் பெரிய நிம்மதி. உங்களை மாதிரி இரக்கப்பட யார் இருக்கிறார்கள் என்று கைகூப்பிவிட்டு, ஒருவர் பின்னால் ஒருவராகக் கலைந்து போனார்கள்.